மூட்டுவாத ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ரீஸ்: கேள்வி பதில்

மூட்டுவாத ஆய்வில் ஃப்ரீஸ் அப்படி என்ன புதிதாகச் செய்தார், ஐயா?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவராக இருந்த அவர், நோயாளி சொல்வதையே அளவாக்கினார். உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். குறைந்திருக்கும், ஆனால் நோயாளியான ஓர் அம்மாவால் சட்டைப் பொத்தான் போட முடியாது. அதை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. மரணம், செயலிழப்பு, வேதனை, மருந்தின் பக்கவிளைவு, செலவு என்ற ஐந்தையும் பார்க்க வேண்டும் என்றார். 1980இல் அவர் குழு வெளியிட்ட எச்.ஏ.க்யூ. என்ற கேள்விப் படிவம், அன்றாட வேலைகளில் எவ்வளவு சிரமம் என்று நோயாளியையே கேட்பது, இன்றும் உலகெங்கும் புழங்குகிறது.

அதில் மதிப்பெண் எப்படிப் போடுவது? எனக்குக் கணக்கு உதைக்கிறது.

உடுத்தல், எழுந்திருத்தல், உண்ணல், நடத்தல், சுகாதாரம், எட்டி எடுத்தல், பிடிமானம், அன்றாட வேலை என 8 பிரிவு, மொத்தம் 20 கேள்வி. ‘கடந்த ஒரு வாரத்தில்’ எப்படி என்றுதான் கேட்க வேண்டும். சிரமமில்லை 0, கொஞ்சம் சிரமம் 1, மிகுந்த சிரமம் 2, முடியவே இல்லை 3.

பலரும் 20 கேள்விக்கும் சராசரி போடுகிறார்கள், தவறு அங்கேதான். ஒவ்வொரு பிரிவிலும் மிக உயர்ந்த எண்ணை மட்டும் எடுங்கள். 1, 2, 0, 1, 2, 1, 1, 2 என்றால் கூட்டுத்தொகை 10. எட்டால் வகுத்தால் 1.25. நடையில் 1 போட்டவர் கைத்தடி ஊன்றுகிறார் என்றால் அதை 2 ஆக்க வேண்டும், இப்போது 1.375. ஒரு பிரிவு விடுபட்டால் ஏழால் வகுங்கள். ஆறுக்கும் குறைவான பிரிவுகளே நிரம்பியிருந்தால் மதிப்பெண்ணே போடாதீர்கள்.

கூட வந்த மகனோ மருமகளோ பதில் சொல்ல விடாதீர்கள்.

1.25 இருந்தது 1.125 ஆனால் முன்னேற்றம்தானே?

இல்லை. சுமார் 0.22 மாறினால்தான் நோயாளி வித்தியாசத்தை உணர்கிறார். எண் 0.125 அளவில்தான் ஏறி இறங்கும் என்பதால், இரண்டு படியாவது குறைய வேண்டும். மூட்டு ஏற்கெனவே சிதைந்துவிட்டவருக்கு வீக்கம் முழுதாக அடங்கினாலும் எண் பூஜ்யத்துக்கு வராது. அதற்காக மருந்தைக் குறை சொல்லக் கூடாது.

ஓடினால் முழங்கால் தேயும் என்கிறார்களே?

1984 முதல் 50 வயது தாண்டிய 538 ஓட்டக்காரர்களையும் 423 மற்றவர்களையும் ஃப்ரீஸ் குழு தொடர்ந்து கவனித்தது. 19 ஆண்டு முடிவில் ஓடியவர்களில் 15 சதவீதத்தினரும் மற்றவர்களில் 34 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். செயலிழப்பும் ஓடியவர்களுக்குப் பல ஆண்டு தள்ளியே வந்தது. முடங்கிக் கிடக்கும் காலத்தை வாழ்வின் கடைசிச் சில ஆண்டுகளுக்குள் சுருக்கலாம் என்று 1980இல் அவர் சொன்ன கருத்துக்கு இது வலுவான ஆதாரம். ஆனாலும் ஆரோக்கியமானவர்களே ஓட வருகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. முழங்கால் எக்ஸ்ரே பார்த்த சிறு குழுவிலும் ஓடியவர்களுக்குக் கூடுதல் தேய்மானம் தெரியவில்லை. ஏற்கெனவே மூட்டு வீங்கியவர்களுக்கு இது பொருந்தாது.

இந்தத் துறைக்கு வர விரும்பும் மாணவி நான். எதில் கவனம் வேண்டும்?

புள்ளியியலும் பொறுமையும் வேண்டும். நீண்ட கால ஆய்விலிருந்து பாதியில் விலகுபவர்கள் பெரும்பாலும் அதிகம் நலிந்தவர்கள். அவர்களை விட்டுவிட்டால் மருந்து நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும். அதனால் முதல் நாளே நோயாளியின் தொலைபேசி எண்ணோடு உறவினர் இருவரின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள்.