கீபோர்டு கிரேடுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகள் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வாரம் ஒரு மியூசிக் பீரியட் உண்டு. இப்போது கீபோர்டு வகுப்பு, வெளிநாட்டு கிரேடு தேர்வு என்று தனியாகப் பணம் கேட்டுச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. கணவர் அந்தப் பணத்தில் கணக்கு டியூஷன் வைக்கலாம் என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இந்த வருடம் கட்டாதீர்கள். உங்கள் மகள் எதிலும் பின்தங்க மாட்டாள்.

முதலில் அந்த வாராந்திர பீரியடில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அதற்கு ஏற்கெனவே ஃபீஸ் கட்டிவிட்டீர்கள். இந்த மாதம் சொல்லிக்கொடுத்த பாட்டைத் தாளம் போட்டுப் பாடச் சொல்லுங்கள். பாடினால் நல்லது. “மிஸ் யூடியூப் போட்டுவிட்டார்”, “கணக்கு சார் பீரியடை வாங்கிக்கொண்டார்” என்றால், நீங்கள் பிரின்சிபாலைப் பார்க்க வேண்டியது அதற்காகத்தான்.

பள்ளியில் இசை வைப்பது கச்சேரிக்கு ஆள் எடுக்க இல்லை. நாற்பது பிள்ளைகள் பக்கத்துக் குரலைக் கேட்டு, ஒரே சுருதியில் சேர்ந்து, தாளம் ஓடாமல் நிற்கப் பழக வேண்டும். இதற்கு வாத்தியமே வேண்டாம். தினமும் பிரேயரில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தே போதும். 2021 அரசாணை அதை மோகன ராகத்தில், திஸ்ர நடையில் (மூன்று மூன்றாக எண்ணும் தாள நடை), 55 விநாடியில் பாடச் சொல்கிறது. அந்த ஒரு பாட்டை வைத்தே மோகனத்தின் ஐந்து சுரங்களையும் காதில் ஏற்றிவிடலாம். பல பள்ளிகளில் ஸ்பீக்கர் பாடுகிறது, பிள்ளைகள் வாயசைக்கிறார்கள்.

இன்னொன்று, சுருதி. ஆசிரியர் தன் தொண்டைக்கு வசதியான கட்டையில் (சுருதி உயரத்தில்) ஆரம்பிப்பார், அல்லது பெரியவர்கள் பாடிய சினிமாப் பாட்டுக்குக் கரோக்கி போடுவார். எட்டாத பிள்ளைக்கு “உனக்குக் குரல் இல்லை” என்ற பட்டம். அதை ஐந்தாம் வகுப்பில் கேட்ட பிள்ளை பிறகு வாயே திறப்பதில்லை. உங்கள் மகளுக்கு அப்படி யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள்.

இனி அந்தச் சுற்றறிக்கை. லண்டன் அமைப்புகளான டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் நடத்தும் கிரேடு தேர்வுகள் போலி இல்லை. மூன்று உருப்படி, அதாவது மூன்று பாட்டு, வாசிக்க வேண்டும், அதோடு ஸ்கேல் (சுர வரிசை), காதுப் பயிற்சி என்று முறையாகவே இருக்கும். கோளாறு நடுவில் நிற்கும் ‘அகாடமி’களிடம். பள்ளிக்கு ஒரு பங்கு கொடுத்து உள்ளே வருவார்கள், பெற்றோர் தலையில் ஒரு கீபோர்டைக் கட்டுவார்கள், கீபோர்டு கட்டைகளில் எழுத்து ஒட்டி அந்த மூன்று உருப்படியை மட்டும் வருடம் முழுக்க உருப்போட வைப்பார்கள். தேர்வு முடிந்ததும் நான்காவது பாட்டு வராது. தேர்வுக் கட்டணத்தைத் தேர்வு நடத்துபவர்களின் இணையதளத்தில் நீங்களே பார்த்து, கேட்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். ஆயிரம் பிள்ளைகள் சேர்ந்து வாசித்து ‘உலக சாதனை’ என்று கொடுக்கும் மெடலுக்கும் காசு கேட்டால், பார்க்காமலே மறுத்துவிடுங்கள்.

“சர்டிபிகேட் இருந்தால் காலேஜ் சீட்” என்பார்கள். தமிழக பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுக்கு ஒதுக்கீடு உண்டு, இசைக்கு இல்லை. ஒரு விலக்கு இருக்கிறது. அதை வைத்துத்தான் இப்போது வியாபாரம் நடப்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். சென்னை ஐஐடி 2025-26 முதல் கலைத் திறனுக்கென்று சில கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறது. ஆனால் முதலில் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேற வேண்டும். அதன் பிறகும் அங்கே எடுபடுவது தேசிய அளவிலான விருது, மத்திய அரசின் கலை உதவித்தொகை, வானொலிக் கலைஞர் தகுதி போன்றவை. மூன்று உருப்படி கிரேடு ஒன்றை நீட்டினால் உள்ளே விட மாட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பணம் கேட்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. இசை படித்தால் கணக்கு வரும் என்பதும் விற்பனைப் பேச்சுதான். மொசார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவு கூடும் என்ற ‘மொசார்ட் விளைவு’ பேச்சைக் கிளப்பிய 1993 ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. அதில் கண்ட பலனும் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. கணக்கில் திணறினால் டியூஷன் வையுங்கள். அதற்காக இசையை நிறுத்த வேண்டாம்.

அரசாங்கத்தை எதிர்பார்த்துப் பயனில்லை. கல்வி உரிமைச் சட்டமே 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான், கலைக்கு ‘பகுதிநேர’ப் பயிற்றுநர் என்கிறது. தமிழ்நாட்டில் 2012-ல் இசை, ஓவியம், உடற்கல்வி எல்லாவற்றுக்குமாக 16,549 பேரை எடுத்தார்கள்: வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அந்தச் சம்பளத்தில் எந்தப் பாட்டு வாத்தியார் தங்குவார்? வருடா வருடம் கலைத் திருவிழா மேடை மட்டும் ஜொலிக்கிறது.

மகளுக்கு ஆசை இருந்தால் வாய்ப்பாட்டில் தொடங்குங்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் உங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். 5 முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள், கட்டணம் மிகக் குறைவு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற ஆரம்பப் பயிற்சிகள் முடிந்து சுருதி நின்றபின் எந்த வாத்தியமும் எடுக்கலாம். சான்றிதழ்தான் வேண்டும் என்றால், வளர்ந்தபின் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் இசைத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் நிலைகளை எழுதட்டும். இங்கே இசை ஆசிரியர் வேலைக்குக் கேட்கும் தகுதிகளில் அதுவும் ஒன்று.

இதையெல்லாம் மீறிக் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், ஒரு டெர்முக்கு மட்டும் கட்டுங்கள். ரசீது பள்ளியின் பெயரில் இருக்கட்டும். அகாடமி பெயரில் துண்டுச் சீட்டு நீட்டினால் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.