பேஸ்ட் மட்டும் கடையில், மற்றதெல்லாம் வீட்டில்

கணினியின் பிராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் இடையில் தெர்மல் பேஸ்ட் பூசுவது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: தூசு தட்டுவதற்காகக் கூலரைக் கழற்றிவிட்டேன். தெர்மல் பேஸ்ட் கைவசம் இல்லை. பற்பசை தடவினால் போதும் என்கிறார்களே, தடவலாமா?

வேண்டாம். புதிதாகப் பூசிய பற்பசை முதல் சில மணி நேரம் நன்றாகவே வேலை செய்யும். அதனால்தான் இந்த யோசனை இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பிறகு ஏன் வேண்டாம் என்பதற்கு, தெர்மல் பேஸ்ட் அங்கே என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

பிராசஸரின் உலோக மூடியும், கூலரின் உலோகப் பகுதியான ஹீட்சிங்கின் அடித்தட்டும் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்ளும். பள்ளங்களில் காற்று நிற்கும். செம்பின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர் கெல்வினுக்குச் சுமார் 400 வாட், காற்றுக்கு 0.026 மட்டுமே. சாதாரண பேஸ்டுகளுக்கு 1 முதல் 5 வரை இருக்கும், விலை கூடியவற்றின் உறையில் 8, 12 என்றும் போட்டிருக்கும். பேஸ்ட் செம்புக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அதன் வேலை காற்றை வெளியேற்றுவதுதான். தண்ணீருக்கே 0.6 என்பதால், குழைவாக உள்ள எதைப் பூசினாலும் காற்றைவிட மேல்தான். பற்பசையின் வெற்றியும் அவ்வளவுதான்.

பற்பசையில் தண்ணீர் இருக்கிறது. 60, 70 டிகிரிச் சூட்டில் அது ஆவியாகிப் போக, மிஞ்சுவது காய்ந்து வெடித்த சுண்ணாம்புப் பொருக்கு. வெடிப்புகளில் மறுபடி காற்று புகுந்துவிடும். சில நாட்களிலோ வாரங்களிலோ வெப்பநிலை ஏறத் தொடங்கும். நீங்களோ பற்பசையை மறந்தே போயிருப்பீர்கள். இதைவிடக் கவலைக்குரியது, ஈரமாக இருக்கும்போது அது மின்சாரத்தைக் கடத்தும் என்பது. விளிம்பைத் தாண்டி, பிராசஸர் பொருந்தியிருக்கும் சாக்கெட்டுக்குள் வழிந்தால் மதர்போர்டே போய்விடலாம். பேஸ்ட் வரும்வரை கணினியை நிறுத்தி வையுங்கள். கூலரை வெறுமனே வைத்து ஓட்டுவதும் கூடாது.

கேள்வி: பெட்ரோலியம் ஜெல்லி, குழந்தைகளின் டயபர் கிரீம், அலுமினியத் தாள்: இவற்றில் எதுவாவது?

எதுவும் ஆகாது. பெட்ரோலியம் ஜெல்லி பிராசஸரின் சூட்டிலேயே உருகி வழிந்துவிடும். டயபர் கிரீமைக் கேட்பவர்கள் ஓரளவு விவரம் தெரிந்தவர்கள்தான். அதில் உள்ள துத்தநாக ஆக்சைடுதான் பழைய வெள்ளைத் தெர்மல் பேஸ்டிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அந்தத் தூளைப் பிடித்து வைத்திருப்பது சூடு தாங்கும் சிலிக்கோன் எண்ணெய். கிரீமில் இருப்பது சூட்டில் பிரிந்து ஒழுகும் கொழுப்பு. அலுமினியத் தாளோ பள்ளங்களை நிரப்பாது. அதன் சுருக்கங்கள் காற்றை இன்னும் கூட்டும், துண்டு பிய்ந்து விழுந்தால் ஷார்ட் ஆகும்.

கேள்வி: பழைய பேஸ்டைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும் என்கிறார்கள். அது இல்லாமல் முடியாதா?

பெரும்பாலான வீடுகளில் அது வேறு உருவத்தில் இருக்கிறது. ஊசி போடும் முன் தோலைத் துடைக்கும், தனித்தனி உறையில் வரும் சிறு ஆல்கஹால் பட்டைகளில் பெரும்பாலும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் உள்ளது. மூக்குக் கண்ணாடி துடைக்கும் ஈரத்தாள்கள் பலவற்றிலும் உண்டு. 90 சதவீதத்துக்கு மேற்பட்டது கிடைத்தால் சிறப்பு, சீக்கிரம் உலரும். 70 சதவீதத்தில் மீதி தண்ணீர் என்பதால், துடைத்தபின் கால் மணி நேரம் காயவிட்டால் போதும்.

கை கழுவும் சானிட்டைசரிலும் ஆல்கஹால் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். அதில் கிளிசரினும் ஜெல்லாக்கும் பொருளும் சேர்ந்திருக்கும். ஆல்கஹால் பறந்தபின் அவை படலமாகத் தங்கிவிடும். வாசனைத் திரவியம், சமையல் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே ஆகியவற்றுக்கும் இதே குறைதான். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

காய்ந்து பொருக்காகிவிட்ட பேஸ்டை முதலில் காலாவதியான ஏடிஎம் அட்டையின் விளிம்பாலோ ஐஸ்கிரீம் குச்சியாலோ சுரண்டி எடுங்கள். கத்தியும் பாத்திரம் தேய்க்கும் கம்பியும் பக்கத்திலேயே வரக்கூடாது. பிறகு காபி வடிகட்டும் தாளையோ மூக்குக் கண்ணாடித் துணியையோ ஆல்கஹாலில் நனைத்துத் துடையுங்கள். டிஷ்யூ தாள் இழை விடும். ஒற்றை இழை இடையில் சிக்கினாலும் கூலர் அந்த இடத்தில் சரியாகப் படியாது. விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் துடைத்தால் அழுக்கு வெளியே சிந்தாது. மூலைகளுக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி. பிராசஸரைச் சாக்கெட்டிலிருந்து எடுக்காமலே இதைச் செய்யுங்கள். புதுத் தாளால் துடைத்தும் அதில் சாம்பல் நிறம் ஏறவில்லை என்றால் முடிந்தது. அதன்பின் அந்தப் பரப்பை விரலால் தொடக்கூடாது.

பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: எவ்வளவு பேஸ்ட் வைக்க வேண்டும்? ஒருவர் அரிசி அளவு என்கிறார், இன்னொருவர் பட்டாணி அளவு என்கிறார். விரலால் தேய்க்கலாமா?

கணக்குப் போட்டுவிடலாம். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட்டில் பொருந்தும் பிராசஸரின் அளவு ஏறத்தாழ 40க்கு 40 மில்லிமீட்டர், அதாவது 1600 சதுர மில்லிமீட்டர். இதன் மேல் 0.1 மில்லிலிட்டர் பேஸ்டைப் பரப்பினால் கனம் 0.06 மில்லிமீட்டர் வரும். அதுவே தாராளம். கூலரின் அழுத்தத்தில் இன்னும் மெலிந்து, மிச்சம் விளிம்புக்கு வந்துவிடும். 0.1 மில்லிலிட்டர் என்பது 5, 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை. ஆகவே பெரிய பிராசஸருக்குப் பட்டாணிக்காரர் சொல்வதே சரி. அரிசி அளவு வைத்தால் மூலைகள் வெறுமையாக நிற்கும்.

கூடினால் பெரிய தீங்கில்லை; மின்சாரம் கடத்தாத பேஸ்டாக இருந்தால் விளிம்பில் பிதுங்கும், துடைப்பதுதான் வேலை. குறைந்தால்தான் ஆபத்து. ‘மெல்லியதாக, மெல்லியதாக’ என்று எல்லோரும் பயமுறுத்துவதால் பலர் குறைத்தே வைக்கிறார்கள்.

சதுர மூடிக்கு நடுவில் ஒரே பொட்டு போதும். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கான பிராசஸர்போல நீள்சதுரமாக இருந்தால், நீளவாக்கில் ஒரு கோடு, அல்லது நடுவில் ஒரு பொட்டும் மூலைப் பக்கம் நான்கு சிறு பொட்டுகளும். பரப்புகிற வேலையைக் கூலரின் அழுத்தமே செய்துவிடும். கையால் பரப்பியே ஆக வேண்டும் என்றால், பழைய அட்டையை மூடியின் அகலத்துக்கு வெட்டி, சாய்வாகப் பிடித்து ஒரே திசையில் இழுங்கள். விரல் என்றால், பாலித்தீன் பையைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரல் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிடும்.

கூலரை நேராக மேலிருந்து இறக்கி, எதிரெதிர் மூலைத் திருகுகளை மாற்றி மாற்றி இரண்டு இரண்டு சுற்றாக இறுக்க வேண்டும். ஒரு மூலையை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பேஸ்ட் ஒரு பக்கமாகப் பிதுங்கிவிடும்.

கேள்வி: கூலர் பிராசஸரோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. இழுக்கலாமா?

இழுக்கவே கூடாது, அதுவும் ஏஎம்4 என்றால். அந்தச் சாக்கெட்டில் பிராசஸரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் கிடையாது. நெம்புகோல் பூட்டியிருந்தும் பிராசஸர் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வரும்; அடியிலுள்ள 1331 ஊசிகளில் சில வளையும்.

கணினியைப் பத்து நிமிடம் கனமான வேலையில் ஓட்டி, அணைத்து, மின்கம்பியை உருவி, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். சூட்டில் பேஸ்ட் இளகியிருக்கும். திருகுகளைக் கழற்றியபின் கூலரை மேலே தூக்காமல், மூடி திறப்பதுபோல இடமும் வலமும் மெதுவாகத் திருகுங்கள். கணினி ஓடாத நிலையில் இருந்தால், முடி உலர்த்தியால் ஹீட்சிங்கை இரண்டு மூன்று நிமிடம் சூடாக்கலாம். அப்படியும் அசையவில்லை என்றால் பல் இடுக்கு நூலை இடையில் செலுத்தி, அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுங்கள். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புவது மட்டும் வேண்டாம். அதன் முனை வழுக்கினால் மதர்போர்டில்தான் இறங்கும்.

கேள்வி: புது பேஸ்ட் போட்டும் 100 டிகிரியைத் தொடுகிறது. பேஸ்ட் மட்டமானதா?

அநேகமாக இல்லை. நல்ல பேஸ்டுக்கும் சுமாரான பேஸ்டுக்கும் வித்தியாசம் சில டிகிரிகள்தான். வெப்பம் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். வேலை கொடுத்த சில நொடிகளில் 40லிருந்து 100க்குத் தாவினால் தொடுகை சரியில்லை. கூலரின் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமல் விட்டிருக்கலாம். ஒரு திருகோ பிளாஸ்டிக் காலோ முழுதாக இறங்காமல் இருக்கலாம். பத்து இருபது நிமிடங்களில் மெல்ல ஏறினால் பேஸ்டை விட்டுவிட்டு, விசிறி, ஹீட்சிங்கில் அடைத்த தூசு, பெட்டிக்குள் காற்றோட்டம் ஆகியவற்றைப் பாருங்கள்.

கழற்றிப் பார்த்தால், நடுவில் உலோகம் தெரியுமளவு மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருப்பது நல்ல பதிவு. ஒரு பக்கம் தடிமனாக, மறுபக்கம் வறண்டு இருந்தால் கூலர் சாய்ந்திருக்கிறது. எதுவாக இருந்தாலும் அதையே திரும்ப வைக்காதீர்கள், குமிழி சிக்கும். இரு பக்கமும் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைப் பிராசஸர்களில் பல, முழுச் சுமையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்ணைப் பார்த்துக் கூலரைக் கழற்ற வேண்டியதில்லை.

கேள்வி: லேப்டாப்புக்கும் இதே முறைதானா?

இல்லை. அங்கே உலோக மூடி கிடையாது, சிலிக்கான் சில்லே வெளியில் இருக்கும். மூலை வெறுமையாக நின்றால் அந்த இடம் தனியாகச் சூடேறும். எனவே அட்டையால் சில்லு முழுவதும் பரப்பிவிட வேண்டும். விளிம்பு எளிதில் உடையும், அழுத்தாதீர்கள். முதல் வேலை, பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. ஹீட்சிங்கின் திருகுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண்கள் இருந்தால் அந்த வரிசையில் இறுக்கி, தலைகீழ் வரிசையில் தளர்த்துங்கள்.

நினைவகச் சில்லுகள்மேல் உள்ள மெத்தை போன்ற தெர்மல் பேடுகளைத் தூக்கிவிட்டுப் பேஸ்ட் வைக்கக்கூடாது. அந்த இடைவெளி அரை மில்லிமீட்டருக்கு மேல்கூட இருக்கும், பேஸ்ட் எட்டாது. பேஸ்டுக்குப் பதிலாகப் பூசப்படும், கேலியம் கலந்த திரவ உலோகத்தை அலுமினிய ஹீட்சிங்கில் ஒருபோதும் பூசாதீர்கள். அலுமினியம் பொடிந்தே போகும்.

கேள்வி: பழைய பேஸ்ட் குழலிலேயே இறுகிவிட்டது. எண்ணெய் விட்டுக் குழைக்கலாமா?

கூடாது, எறிந்துவிடுங்கள். எண்ணெய் மட்டும் பிரிந்து முதலில் சொட்டுகிறது என்றால், அந்தச் சொட்டைத் தாளில் பிதுக்கித் தள்ளிவிட்டு, பின்னால் சீராக வருவதைப் பயன்படுத்தலாம்.