பழைய பாஸ்வேர்டைக் காட்டி 3,000 ரூபாய் கேட்கிறார்

கேள்வி: வேலூர் காந்தி ரோடு பக்கம் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒருவர் வந்து கடை மெயில் ஐடியைக் கேட்டார். 'உங்க பாஸ்வேர்டு டார்க் வெப்பில், அதாவது இன்டர்நெட்டின் மறைவான பகுதியில், விற்பனைக்கு வந்திருக்கு சார்' என்று செல்போனில் காட்டினார். நான் முன்பு வைத்திருந்த பாஸ்வேர்டேதான்! வருடம் 3,000 ரூபாய் கட்டினால் கண்காணித்து, நீக்கியும் தருவார்களாம். கட்டலாமா?

பதில்: வேண்டாம். 'கண்காணிப்போம்' என்றதுவரை சரி. 'நீக்கித் தருவோம்' என்றாரே, அங்கேதான் இடிக்கிறது. வெளியே போன பட்டியலை எத்தனை பேர் நகலெடுத்து வைத்திருப்பார்களோ! ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டுமா என்ன?

கண்காணிப்பு என்பதும் சரக்கு சந்தைக்கு வந்த பிறகு கிடைக்கும் தகவல்தான். வேலை தேடுவோர் பயன்படுத்தும் லிங்க்ட்இன் தளத்தில் 2012-ல் திருடிய பாஸ்வேர்டுகளில் பெரும்பகுதி 2016-ல்தான் விற்பனைக்கு வந்தது. நடுவில் நான்கு வருடம் எவர் கண்காணித்து என்ன பயன்? உங்கள் மெயில் ஐடி எந்தத் தளத்தின் திருட்டில் சிக்கியது என்று பார்க்க, 2013 முதல் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் இருக்கிறது. காசு கிடையாது.

அந்தப் பழைய பாஸ்வேர்டை வேறெங்காவது இன்னும் வைத்திருக்கிறீர்களா? அதை முதலில் மாற்றுங்கள். ஒரு இடத்தில் கிடைத்த சாவியைத் தெருவில் உள்ள எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்ப்பதுதான் பாஸ்வேர்டு திருடர்களின் தொழில். மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் (பாஸ்வேர்டு போட்ட பிறகும் இன்னொரு சரிபார்ப்பு கேட்கும் வசதி) போட்டுவிடுங்கள்.

உண்மையில் எனக்குக் கவலை உங்கள் இன்பாக்ஸ் பற்றித்தான். திறந்து பாருங்கள். சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தவர்கள் பிரிண்ட் போட அனுப்பிய ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் மாதக்கணக்கில் கிடக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் அதே கதை. உங்கள் மெயில் ஒன்று திறந்தால் முன்பின் தெரியாத நூறு பேர் வீடு திறந்த மாதிரி. ஷட்டரை இறக்கும்முன் தினமும் அழியுங்கள், டிராஷையும் சேர்த்து. மங்கலாக விழுந்த நகல்களைக் கிழித்துப் போடுங்கள். எடைக்குப் போட வேண்டாம். ஒருமுறை நான் வாங்கிய மசால் வடை யாரோ ஒருவரின் ஆதார் நகலில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம், வந்தவர் ஓடிபி எதையாவது கேட்டு வாங்கினாரா? வாங்கியிருந்தால் மெயிலின் இப்போதைய பாஸ்வேர்டையும் இன்றே மாற்றி, எல்லாச் சாதனங்களிலும் லாக் அவுட் கொடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.