பிடியரிசி டின்னும் நவம்பரின் நான்காம் வியாழனும்

கேள்வி: கொழும்பில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் யாராவது ‘தேங்க்ஸ்கிவிங்’ (நன்றி சொல்லும் நாள்) கொண்டாடுகிறீர்களா? அது அமெரிக்கர்களின் நாள்தானே, வீட்டில் என்னதான் செய்வீர்கள்?

எங்கள் வீட்டில் கொண்டாடுகிறோம். வெள்ளவத்தைக்கு வந்த பிறகு தொடங்கியது, பதினைந்து வருஷமாவது இருக்கும். அமெரிக்கர்களின் நாள் என்பது சரிதான். 1863இல் ஜனாதிபதி லிங்கன் அறிவித்து, 1941இல் சட்டமாகி, நவம்பரின் நான்காவது வியாழன் என்று நிலைத்தது. இங்கே அன்று லீவு கிடையாது. பொஸ்டனில் இருக்கிற சித்திக்குத்தான் லீவு. அவ அங்கே காலை ஒன்பதரைக்கு அழைத்தால் இங்கே இரவு எட்டு மணி. எல்லாரும் வேலையால் வந்து, குளித்து, மேசையில் இருப்போம்.

எங்கள் சபை 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வழி வந்தது. ஆனாலும் இந்த நாளை வீட்டுக்குக் கொண்டுவந்தவ சித்திதான். வான்கோழி தேடி சுப்பர்மார்க்கெட்டில் அலைவதில் எனக்கு உடன்பாடில்லை. கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. சோறு மட்டும் பிடியரிசி எடுத்துவைத்த பிறகு ஆக்கிய சோறாக இருக்கவேண்டும்.

பிடியரிசி தெரியாதவர்களுக்கு: உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வேறாக வைப்பது. சேர்ந்ததைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுப்போம். சைவ வீடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. அம்மம்மா அதற்கு ஒரு பழைய பால்மா டின் வைத்திருந்தா. மூடி துருப்பிடித்து, திறக்கக் கரண்டிக்காம்பால் நெம்பவேண்டும். குசினியில் அந்த ‘டக்’ சத்தம் கேட்டால் சோறு ஆகப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

1995 ஒக்டோபர் 30, யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்த இரவில் அந்த டின்னும் எங்களோடு வந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் ஒரு அடி எடுத்துவைக்க எவ்வளவு நேரமானது என்று எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது. பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மூன்று கல்லு வைத்து அம்மா சமைத்தா. நிவாரண அரிசி. அதிலும் அம்மம்மா ஒரு பிடி எடுத்தா. “எங்களுக்கே காணாது, இதுக்குள்ள பிடியரிசியோ?” என்று அம்மா அழுதுவிட்டா. “நேற்றும் காணாதெண்டுதானே பிள்ளை சொன்னனீ” என்று சொல்லிவிட்டு அம்மம்மா டின்னை மூடினா. அந்த அரிசி பக்கத்துப் பாயில் கிடந்த பிள்ளைப்பெற்ற பெண்ணுக்குக் கஞ்சியாகப் போனது.

இனி அந்த வியாழனுக்கு வருகிறேன். முதல் வருஷம் சித்திதான் கேட்டா: ஒவ்வொருவரும் இப்போது எங்களோடு இல்லாத ஒருவரை நினைத்து, அவரால் கிடைத்த ஒன்றுக்குக் கர்த்தருக்கு நன்றி சொல்லவேண்டும். மேசை அமைதியாகிவிட்டது. எங்கள் வீட்டில் மாமாவின் பேரை யாரும் எடுப்பதில்லை. இடம்பெயர்வுக்கு முன்பே ஷெல்லடியில் போனவர், அம்மாவின் தம்பி. அம்மம்மா தாங்கமாட்டா என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

அம்மாதான் வாய் திறந்தா. “தம்பி டின்னுக்குள்ள இருந்து அரிசி களவெடுத்துப் புறாவுக்குப் போடுறவன். நான் பார்த்தும் உங்களுக்குச் சொல்லேல்லை அம்மா.”

அம்மம்மா சிரித்தா. “எனக்குத் தெரியும். அதுக்குத்தானே ரெண்டாவது பிடி போட்டனான்.”

அதற்குப் பிறகு அன்றிரவு மாமாவைப் பற்றித்தான் பேச்சு. அவர் சைக்கிள், அவர் சங்கீதம் படிக்கும்போது மூக்கால் வரும் குரல், புறாக்களுக்கு அவர் வைத்த பேர்கள். சித்தி ஸ்கைப்பில் அழுதுகொண்டே சிரித்தா. சோறு ஆறிப்போனது. கடைசியில் அம்மம்மா வழக்கம்போல் வேதாகமத்தின் 103ஆம் சங்கீதத்தைப் பாராமல் சொன்னா: “அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே.” எத்தனையோ ஆராதனைகளில் கேட்ட வசனம். ‘மறவாதே’ என்ற சொல் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. இத்தனை வருஷமும் துக்கத்துக்குப் பயந்து, கர்த்தர் தந்த ஒரு மனுஷனையே மறந்தவர்கள்போல் இருந்துவிட்டோமே என்று நெஞ்சு கனத்தது.

அறுப்பின் பண்டிகை இருக்கிறது, வருஷக் கடைசி இரவு ஆராதனை இருக்கிறது, பிறகு ஏன் இன்னொரு நாள் என்று நீங்கள் கேட்கலாம். கோயிலில் சபையாக நன்றி சொல்கிறோம். ஆனால் புறாக் கதையை அங்கே யாரும் எழும்பிச் சொல்லமாட்டார்கள். அதற்கு வீட்டு மேசை வேண்டும், நேரம் வேண்டும். எங்களுக்கு அது அந்த வியாழன் இரவில் கிடைத்தது.

2022இல் காஸ் இல்லாமல் சிலிண்டர் வரிசையில் நின்ற காலத்திலும் டின் வெறுமையாகவில்லை. அம்மம்மா 2017இலேயே கண்ணை மூடிவிட்டா. இப்போது அம்மாவின் பொறுப்பு. அம்மா அரிசி அளக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பிடி போடுவா, கொஞ்சம் நிற்பா, பிறகு இன்னொரு பிடி.