மும்பை தூர்தர்ஷன் எப்போது தொடங்கியது? தாராவி மொட்டைமாடியில் டிடி தமிழ் எடுக்க டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்புவது?

டெல்லிக்கு (1959 செப்டம்பர் 15) அடுத்த நிலையம் மும்பைதான்: 1972 அக்டோபர் 2, ஒர்லி. சென்னை 1975 வரை காத்திருந்தது. 1976 ஏப்ரல் 1 வரை தொலைக்காட்சி, வானொலியின் கீழ் ஒரு பிரிவு. மராத்தி உழவர் நிகழ்ச்சியும் இந்தித் திரைப்பாட்டு ‘சாயாகீத்’தும்தான் அன்றைய அடையாளம். நிறம் 1982-ல் வந்தது. மராத்திச் சேவைக்கு இப்போது சஹ்யாத்ரி என்று பெயர்.

டிடி தமிழுக்கு டிடி ஃப்ரீ டிஷ் போதும்; அது தூர்தர்ஷனின் இலவசச் செயற்கைக்கோள் சேவை, மாதச் சந்தா கிடையாது. அதற்கான ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. மும்பையிலிருந்து திசை வடக்கிலிருந்து சுமார் 131 டிகிரி, அதாவது தென்கிழக்கு. ஏற்றம், அதாவது அடிவானத்திலிருந்து மேல்நோக்கிய கோணம், 57 டிகிரி. ஆனால் சின்ன டிஷ் ஆஃப்செட் வகை, சிக்னல் நடுவில் குவியாமல் கீழே தள்ளிக் குவியும். பார்வைக்கு அவ்வளவு அண்ணாந்து நிற்காது. இது தெரியாமல் மேலே தூக்கிவிடுவதுதான் வழக்கமான தப்பு. தகரக் கூரைமேல் காம்பஸ் பொய் சொல்லும், தள்ளி நின்று பாருங்கள். உங்கள் மாடியைவிட 30 மீட்டர் உயரமான கட்டடம் அந்தத் திசையில் 19 மீட்டருக்குள் இருந்தால் சிக்னல் வராது. இடத்தை மாற்றத்தான் வேண்டும்.

கம்பத்தை முதலில் செங்குத்தாக நிறுத்துங்கள். பிறகு மில்லிமீட்டர் கணக்கில் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுங்கள். செட்-டாப் பாக்ஸ் சிக்னலை உடனே காட்டாது. எம்பெக்-2 என்ற பழைய வீடியோ சுருக்க முறை பாக்ஸில் எல்லாச் சானலும் வராது, எம்பெக்-4 வாங்குங்கள்.

கொட்டும் மழையில் படம் உறைவது இயல்பு. மழை விட்டும் வரவில்லையென்றால் எல்என்பி (டிஷ் முன்னே சிக்னலை வாங்கும் கருவி) கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும். கடற்காற்றில் கனெக்டர் பச்சை பிடித்து அரித்துப்போகும்; வெட்டிப் புதிதாகப் போட்டு, டேப் சுற்றி, கேபிளைக் கீழே ஒரு வளையம் தொங்கவிடுங்கள்.