நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது!

கேள்வி: வயது 62. நரம்பு வலிக்காக இரவில் அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறேன். நடுராத்திரியில் வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எலுமிச்சை மிட்டாய் சப்பிச் சமாளிக்கிறேன். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயர் கருவி வாங்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: முதலில் மிட்டாயை நிறுத்துங்கள். எச்சில் குறைந்த வாயில் புளிப்பு எனாமலை அரிக்கும். சர்க்கரை ஈறோரம் சொத்தையைக் கொண்டுவரும். பதிலாக, சர்க்கரைக்கு மாற்றான சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த சூயிங்கம் மெல்லலாம். (அதிகமானால் வயிற்றுப்போக்கு. நாய்க்கு சைலிட்டால் விஷம், எட்டாமல் வையுங்கள்.)

வறட்சிக்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல், அளவைக் குறைக்கவோ மாற்றவோ முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தச் சர்க்கரையையும் பரிசோதியுங்கள்.

படுக்குமுன் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கலந்த செயற்கை எச்சில் ஜெல்லை நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் மெல்லியதாகத் தடவுங்கள். தண்ணீர் வழிந்துவிடும், ஜெல் கொஞ்ச நேரம் நிற்கும். ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் வேண்டாம். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கொப்பளித்துத் துப்பினால் போதும்.

ஹியூமிடிஃபயர் ஏ.சி. அறைக்குத்தான் பயன்படும். தினமும் தண்ணீர் மாற்றாவிட்டால் தொட்டியில் வழவழவென்று பாசி படியும், அதைத்தான் சுவாசிப்பீர்கள்.

பைலோகார்பின் மாத்திரை எச்சிலைச் சுரக்கவைக்கும். ஆனால் கட்டுப்படாத ஆஸ்துமா, குறுகிய கோண கிளாகோமா (ஒரு வகைக் கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்கு ஆகாது.