அப்பாவுக்கு ஒரு வகுப்பைப் பரிசாகக் கொடுக்கலாமா? மதுரைப் பக்கம் என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: சென்னையில் வேலை, அப்பா மதுரையில், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், 63 வயது. வாங்கிக் கொடுத்த சட்டையும் வாட்சும் பிரிக்காமல் பீரோவில் கிடக்கின்றன. இந்தத் தடவை ஓவியம், மண்பாண்டம் மாதிரி ஏதாவது ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டால் உருப்படியாக இருக்குமா?

இருக்கும். ஆனால் வகுப்பு என்று போர்டு மாட்டிய இடத்தில் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். நான் ஆறாயிரம் ரூபாய் கட்டிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

என் அப்பா நாற்பது வருடம் லேத் வேலை பார்த்தவர். ஷாஃப்ட், புஷ், புல்லி என்று எதைக் கொடுத்தாலும் ஒரு நூல் தப்பாமல் கடைந்து கொடுப்பார் என்று பட்டறைகளில் பேர் உண்டு. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் வேலையை விட்டுவிட்டார். விட்ட மறுநாளிலிருந்து வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸிக்கு ஆபத்து. ஃபேன் ரெகுலேட்டரை இரண்டு தடவை கழற்றி மாட்டினார். அம்மாவே போன் செய்து, "இவுக கையில எதையாச்சும் குடுத்து எங்கிட்டாவது அனுப்பி வையித்தா" என்றார்.

சின்ன வயதில் அப்பா நன்றாகப் படம் வரைவார் என்று அத்தை எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. மூன்று மாத ஓவிய வகுப்புக்கு முழுப் பணத்தையும் கட்டி, அதற்கான அட்டையை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரர் வரைக்கும் காட்டிவிட்டு வந்தார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

போய்ப் பார்த்தால் உள்ளே எல்லாம் மூன்றாவது, நான்காவது படிக்கிற பிள்ளைகள். அவர்கள் உயரத்துக்கு மேஜை. டீச்சருக்கு என்னைவிடச் சின்ன வயது. "தாத்தா, நீங்க முதல்ல ஆப்பிள் வரைங்க" என்று ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் இருந்த பொடியன் எட்டிப் பார்த்து, கத்திரிக்காய் நன்றாக இருக்கிறது என்று பாராட்டியிருக்கிறான். அப்பா இதைச் சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னார். மூன்றாவது வாரம் முழங்கால் வலி என்றார். மார்க்கெட்டுக்கு நடந்து போகும்போது மட்டும் அந்த வலி வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன், அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றார்கள். வேண்டுமானால் வேறு யாரையாவது அனுப்பலாம் என்றார்கள். எதிர்வீட்டுப் பையனை அனுப்பினோம். இப்போது அவன் பிரமாதமாக வரைகிறான், அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

வகுப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்கு அது நல்ல இடம். நான்தான் யோசிக்கவில்லை. தொழிலில் பேர் எடுத்த ஒரு மனுஷரை, ஒன்றும் தெரியாதவராகப் போய் உட்கார் என்று அனுப்பியிருக்கிறேன். அப்பா தொழில் கற்றுக்கொண்டதே கரும்பலகையைப் பார்த்து இல்லை. பதினாறு வயதில் பட்டறையில் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளிக்கொண்டு, மேஸ்திரி கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். அவருக்கு வகுப்பு சரிப்படாது, பட்டறைதான் சரிப்படும். நல்லவேளையாக மதுரையைச் சுற்றிப் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை.

அடுத்த பிறந்தநாள் மாசி மாதம் வந்தது. எங்கள் தெருப்பக்கம் கார்த்திகைக்கு அகல் விளக்கு கொண்டுவரும் ஒரு அக்காவின் மச்சான் மானாமதுரையில் பானை வனைகிறார். நம்பர் வாங்கிப் பேசினேன். "பாடம் நடத்துற ஆளு இல்லைங்க நான். ஐயா வந்து உக்காரட்டும், பாக்கட்டும். மண்ணு நெறையக் கெடக்கு" என்றார். இதைக் கேட்டதுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மானாமதுரை மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ராமேஸ்வரம் ரோட்டில். அந்த ஊர் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கச்சேரிக் கடம் என்றால் வித்வான்கள் தேடி வருவதும் அந்த ஊருக்குத்தான். கடம் செய்கிற அம்மா ஒருவருக்குச் சங்கீத நாடக அகாடமி விருதே கொடுத்திருக்கிறார்கள். வாசிக்கிறவருக்குக் கொடுப்பார்கள் தெரியும், செய்கிறவருக்கும் கொடுத்தார்கள் என்றதும் அப்பா பஸ்ஸிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

போய்ச் சேர்ந்து முதல் ஒரு மணி நேரம் மண்ணைத் தொடவே இல்லை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். இப்போது பலரும் கையால் சுற்றுவதில்லை, மோட்டார் வைத்த சக்கரம்தான். எத்தனை ஹெச்பி, பேரிங் எந்த நம்பர், பெல்ட் எங்கே வாங்கியது என்று விசாரணை. "பெல்ட் லூசா இருக்கு தம்பி, அதான் லோடு குடுத்தா திணறுது" என்றார். பானை வனைகிற அந்த வேளார் சிரித்துவிட்டு, "அண்ணே, மொதல்ல உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

சக்கரத்தில் மண்ணை வைத்ததும் முதல் வேலை அதை நடு மையத்துக்குக் கொண்டுவருவது. அது சரியாக உட்காராவிட்டால் பானை சுவர் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, மேலே ஏறும்போது ஆடிக்கொண்டு விழுந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அப்பாவுக்கும் ஆடியது. இரண்டு நிமிடம் பார்த்தார். அப்புறம் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, சுற்றுகிற மண்ணுக்குப் பக்கத்தில் அசையாமல் நீட்டினார். மண்ணின் ஒரு பக்கத்தில் மட்டும் கோடு விழுந்தது. அந்தப் பக்கம்தான் மேடு. சக்கரத்தை நிறுத்தி, கோடு விழுந்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தள்ளு. மறுபடி சுற்றி மறுபடி ஈர்க்குச்சி. மூன்றாவது தடவை கோடு முழு வட்டமாக விழுந்தது. லேத்தில் மாட்டிய இரும்பு சென்டரில் இருக்கிறதா என்று சாக்பீஸை நீட்டிப் பார்ப்பார்களே, அதே வேலை. வேளார் தன் பையனைக் கூப்பிட்டு, "டேய், இங்க வந்து பார்றா" என்று காட்டினார்.

சரி, அதற்காக உடனே பானை வந்துவிட்டதா என்றால் வரவில்லை. சென்டர் பிடித்தவருக்குச் சுவர் ஏற்ற வரவில்லை. ஐந்து தடவை சரிந்து விழுந்தது. "இரும்புல வேண்டாததை வெட்டி எறிஞ்சுரலாம். இது எங்கயும் போக மாட்டேங்குது, இங்கிட்டு அமுக்குனா அங்கிட்டு பிதுங்குது" என்று அலுத்துக்கொண்டார். ஆறாவதாகக் குட்டியாக ஒரு முட்டி, அதாவது சின்னப் பானை, வந்தது. அடியில் நூலைக் கொடுத்து இழுத்து அறுத்து எடுத்தார்கள். வேளார் அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "அண்ணே, இத வச்சு ஆளையே அடிக்கலாம்ணே" என்றார். அப்பாவை யாரும் கிண்டல் செய்து நான் பார்த்ததே கிடையாது. அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வகுப்பில் பொடியன் சொன்னதும் கிண்டல்தான், வேளார் சொன்னதும் கிண்டல்தான். ஆனால் இது தொழில்காரர் தொழில்காரரைச் செய்கிற கிண்டல்.

சாப்பாட்டுக்கு அப்புறம் கடம் தட்டுவதைப் பார்த்தார். உள்ளே ஒரு கல்லை அணை கொடுத்து வெளியே கட்டையால் தட்டித் தட்டிச் சுவரை ஒரே சீராக்குகிறார்கள். ஒரு கடத்துக்கு ஆயிரக்கணக்கில் தட்டு விழும். வெந்து வந்ததை விரலால் சுண்டினால் கணீர் என்கிறது, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகிறது. வார்ப்பு புஷ்ஷை வாங்கும்போது அப்பாவும் இப்படித்தான் தட்டிப் பார்த்து வாங்குவார். அரைமணி நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, பானை பானையாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் கீழடி அருங்காட்சியகத்தில் இறங்கினோம். 2023இல் திறந்தது, மதுரை வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால். சும்மா போயிருந்தால் அப்பா பத்து நிமிடத்தில் வெளியே வந்து டீ குடித்திருப்பார். அன்றைக்குக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை. உடைந்த பானைகளின் உள்பக்கத்தில் வனைந்தவனின் விரல் ஓடிய வரி இருக்குமே, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பேர் கீறியிருக்கிறார்கள். "எவர்சில்வர் ஏனத்துல பேரு வெட்டி வைக்கிற மாதிரிதான். பந்திக்குக் குடுத்தா திரும்பி வரணும்ல" என்றார். ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்வார்களோ, எனக்கு அப்பா சொன்னது பிடித்திருந்தது.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். தந்தையர் தினம் ஜூன் மூன்றாவது ஞாயிறு, அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். ஆனி, ஆடியில் பிள்ளையார் வேலை ஆரம்பித்துவிடும். அப்புறம் கொலு, கார்த்திகை விளக்கு, கிறிஸ்துமஸ் குடில், பொங்கல் பானை என்று தை வரைக்கும் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நடுவில் ஐப்பசி மழையில் மண் காயவும் காயாது. மாசி, பங்குனி தோது. முழங்கால் வலி இருந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி சக்கரமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வேளார் ஃபீஸ் வாங்க மாட்டேன் என்றார். அவருடைய ஒரு நாள் வேலை கெட்டுப்போனது, அதனால் அந்தக் கூலியைக் கையில் கொடுத்துவிட்டுச் சாமானும் வாங்கினோம். செய்த பானை அன்றைக்கே கையில் வராது, நிழலில் காய்ந்து சூளையில் வெந்து வர மூன்று வாரம் ஆனது. இன்னொன்று, கூடப் போங்கள். டிக்கெட் மட்டும் போட்டு அனுப்பினால் முழங்கால் வலி வந்துவிடும்.

மண் வேண்டாம் என்றால் வேறு இருக்கிறது. திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் அச்சில் பொம்மை எடுத்து வண்ணம் தீட்டுகிறார்கள், வரைகிற கை உள்ளவர்களுக்கு அது பிடிக்கும். காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ண சிமெண்டை ஊற்றி டைல்ஸ் போடுவதைப் பார்க்கலாம். அந்தப் பளபளப்பு பாலிஷ் போட்டு வருவதில்லை, கண்ணாடியில் படிந்திருந்த முகம் அது. சுங்குடிச் சேலைக்கு முடிச்சு போடுவது அழகான வேலை. ஆனால் தடித்த விரல் உள்ள அப்பாக்களுக்குப் பொறுமை சோதனை, அம்மாவுக்கு யோசியுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது வேறு. வருடக்கணக்காகத் தெருத்தெருவாகச் சுற்றியவரை உட்காரவைக்க வேண்டாம். கிறுக்கல் கிறுக்கலான கையெழுத்தில் பேரும் விலாசமும் படித்துப் பழகிய கண் அது. அவருக்குத் தமிழி, அதாவது பழைய கல்வெட்டுகளில் இருக்கிற அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து, படிக்கச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். 'க' ஒரு கூட்டல் குறி, 'ர' ஒரு நெட்டுக்கோடு. நாலைந்து சாயங்காலத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிடும். கல்வெட்டு ஆர்வலர்கள் மதுரையில் அவ்வப்போது பயிற்சி நடத்துகிறார்கள், மலைகளுக்கும் கூட்டிப்போகிறார்கள். மாங்குளத்துக் குகையில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பேர் இருக்கிறது, சுற்றியுள்ள குன்றுகளிலும் தானம் கொடுத்தவர்கள் பேரும் ஊரும் வெட்டியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய விலாசத்தை ஒரு தபால்காரர் படிக்கட்டுமே. ஏற்றம் கொஞ்சம் கடினம், வெயிலுக்கு முன் ஏறச் சொல்லுங்கள்.

எங்கள் அப்பாவின் முட்டி சூளையில் அடியில் விரிசல் விட்டுவிட்டது. அதைத் தூக்கிப் போடாமல் மொட்டைமாடியில் ஸ்க்ரூ, ஆணி போட்டு வைத்திருக்கிறார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் பேசினால் அப்பா இல்லை. வேளார் சக்கரத்தில் ஏதோ சத்தம் வருகிறதாம், காலை பஸ்ஸுக்கே ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மானாமதுரைக்குப் போய்விட்டார் என்றார் அம்மா.